கொழும்பிலிருந்து லண்டன் போய் ஒரு பிரிமியர் லீக் மட்ச் பார்க்க: விசாவிலிருந்து ஸ்டேடியம் வாசல்வரை

இங்கிலாந்தின் முதல்நிலை உதைபந்தாட்டத் தொடரான பிரிமியர் லீக்கில் ஒரு மட்ச் பார்க்க லண்டன் போகிறேன் என்று கொழும்பில் யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி "டிக்கட் எவ்வளவு?" என்பதுதான். உண்மையில் டிக்கட் விலைதான் இந்தப் பயணத்தின் சின்னச் செலவுகளில் ஒன்று. ஆளைக் களைக்க வைப்பது வேறு விஷயம். மட்ச் திகதி கடைசிவரை அசைந்துகொண்டிருக்கும். விசாவுக்குப் பயணத் திகதிக்கு மூன்று மாதத்துக்கும் முந்தி விண்ணப்பிக்க முடியாது. டிக்கட் விற்பனையோ பெரும்பாலும் மட்சுக்கு ஓரிரு மாதம் முன்னர்தான் தொடங்கும். இந்த மூன்றையும் எந்த ஒழுங்கில் செய்வது என்று ஒருவரும் தெளிவாகச் சொல்வதில்லை. நான் கேட்டவர்களில் பாதிப் பேர் டிக்கட்டை முதலில் வாங்கு என்றார்கள், மீதிப் பேர் விமானத்தை முதலில் போடு என்றார்கள். இரண்டுமே சரியில்லை. நான் அலைந்து தெரிந்துகொண்டதை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். கணக்குகளுக்கு ஒரு பவுணைச் சுமார் 400 ரூபா என்று எடுத்திருக்கிறேன். நீங்கள் அன்றைய விலையைப் போட்டுப் பாருங்கள்.

1. எந்த மாதம் என்று முதலில் தீர்மானியுங்கள்

பிரிமியர் லீக் ஆகஸ்ட் நடுப்பகுதியில் தொடங்கி மே கடைசிவரை போகும். 20 கழகங்கள், ஒவ்வொரு கழகத்துக்கும் 38 ஆட்டங்கள், அதில் 19 சொந்த மைதானத்தில். முழு அட்டவணையும் ஜூன் நடுப்பகுதியில் வெளியாகும். அதைப் பார்த்து "இந்தச் சனிக்கிழமை ஆட்டம்" என்று குறித்துவைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். முதலில் வெளியாகும் அட்டவணையில் பெரும்பாலான ஆட்டங்கள் சனிக்கிழமை பிற்பகல் 3 மணி என்றுதான் இருக்கும். பிறகு தொலைக்காட்சிக்காரர் தங்களுக்கு வேண்டிய ஆட்டங்களைத் தெரிவு செய்வார்கள். அவர்கள் எடுத்தவை வெள்ளி இரவுக்கோ, சனி மதியம் 12.30க்கோ, மாலை 5.30க்கோ, ஞாயிற்றுக்கோ, திங்கள் இரவுக்கோ நகரும். பெரிய கழகங்களின் ஆட்டம் நகராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஐரோப்பியக் கிண்ணப் போட்டியொன்றில் வியாழன் இரவு ஆடும் கழகமென்றால் லீக் ஆட்டத்தைப் பெரும்பாலும் ஞாயிறுதான் ஆடும். தோற்றால் வெளியேற வேண்டிய எஃப்.ஏ. கிண்ணத்தில் அல்லது லீக் கிண்ணத்தில் முன்னேறினால், அதே வார இறுதியில் இருந்த லீக் ஆட்டம் முழுதாக வேறொரு மாதத்துக்குக்கூடப் போய்விடலாம்.

அதனால் ஒரு திகதியை அல்ல, ஒரு வார இறுதியைக் குறியுங்கள்: வெள்ளி காலைக்குள் லண்டனில் இருக்க வேண்டும், செவ்வாய்க்கு முன் புறப்படக் கூடாது. இதற்குள் ஆட்டம் எங்கே நகர்ந்தாலும் பிடித்துவிடலாம். விடுமுறை அதிகம் கிடைத்தால் இரண்டு வார இறுதிகளை உள்ளடக்கிப் போங்கள். அதுதான் நிம்மதி.

தவிர்க்க வேண்டிய வாரங்களும் உண்டு. செப்டம்பர், ஒக்டோபர், நவம்பர், மார்ச் மாதங்களில் தேசிய அணிகளின் ஆட்டங்களுக்காக லீக் நிற்கும். அந்த வார இறுதிகளில் லண்டனில் இறங்கினால் பிரிமியர் லீக் ஆட்டம் ஒன்றுகூட இராது. டிசம்பரில் ஆட்டங்கள் நெருக்கமாக வரும். ஆனால் விமானக் கட்டணம் ஏறியிருக்கும். 25ஆம் திகதி லண்டனில் ரயிலும் ஓடாது, பஸ்ஸும் ஓடாது. 26ஆம் திகதியும் அரைகுறைதான்.

என்னைக் கேட்டால் ஏப்ரல் நல்லது. சித்திரைப் புத்தாண்டோடு சேர்த்து லீவு எடுக்கலாம், பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை, குளிரும் தாங்கக்கூடியது. ஒரே ஒரு கவனம்: எஃப்.ஏ. கிண்ண அரையிறுதி ஆட்டங்கள் அந்த மாதத்தில் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடக்கும்; உங்கள் கழகம் அதுவரை வந்துவிட்டால் அந்த வார லீக் ஆட்டம் தள்ளிப்போகும். கழகம் வெல்ல வேண்டுமா தோற்க வேண்டுமா என்று நீங்களே குழம்புவீர்கள்.

2. எந்தக் கழகம், எந்த மைதானம்

ஆர்சனல், லிவர்பூல், மன்செஸ்டர் யுனைட்டட் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் அடுத்த படிக்குப் போங்கள். "இங்கிலாந்தில் ஒரு மட்ச் பார்த்தால் போதும்" என்பவர்களுக்கு வேலை பாதியாகக் குறையும். லண்டனுக்குள்ளேயே வெஸ்ட் ஹாம், ஃபுல்ஹாம், பிரென்ட்ஃபோர்ட், கிறிஸ்டல் பலஸ் என்று கழகங்கள் இருக்கின்றன. பெரிய கழகங்களைவிட இங்கெல்லாம் டிக்கட் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். எந்தக் கழகம் எந்தப் பிரிவில் ஆடுகிறது என்பதை மட்டும் அந்த வருட அட்டவணையில் பாருங்கள். ஒவ்வொரு வருடமும் மூன்று கழகங்கள் கீழே இறங்கும், மூன்று மேலே வரும்.

உறவினர் வீட்டில் தங்குபவர்கள் வீட்டுக்குக் கிட்டவான மைதானத்தைப் பாருங்கள். ஈஸ்ட் ஹாமில் சித்தப்பா இருந்தால் ஸ்ட்ராட்ஃபோர்டிலுள்ள வெஸ்ட் ஹாம் மைதானம் பக்கத்தில்தான். அதற்கும் பக்கத்தில் லேய்ட்டன் ஓரியன்ட் என்ற சின்னக் கழகம் இருக்கிறது. லேய்ட்டன் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம். டூட்டிங் பக்கமென்றால் ஏ.எஃப்.சி. விம்பிள்டன். கீழ்ப்பிரிவுக் கழகங்களின் டிக்கட் பெரும்பாலும் 20 இலிருந்து 35 பவுணுக்குள் முடியும், உறுப்புரிமையும் அநேகமாகத் தேவைப்படாது, ஆட்டக்காரர் பேசுவதுகூடக் காதில் விழும். முதல் தடவை போகும் ஒருவருக்கு அது குறைந்த அனுபவம் இல்லை.

மன்செஸ்டர், லிவர்பூல் இரண்டும் லண்டனிலிருந்து ரயிலில் இரண்டேகால் மணி நேரத்துக்குக் கிட்ட. அங்கே மட்டும் போவதானால் லண்டனில் இறங்கத் தேவையில்லை. டோஹா, டுபாய் வழியாக மன்செஸ்டருக்கே நேரே விமானம் இருக்கிறது.

3. கழக உறுப்புரிமை

பெரிய கழகங்களில் பொது விற்பனை என்று ஒன்று அநேகமாக இல்லை. டிக்கட் வாங்க விண்ணப்பிக்கவே உறுப்பினராக இருக்க வேண்டும். வருடத்துக்குச் சுமார் 40 பவுண், அதாவது 16,000 ரூபா அளவில். கழகத்துக்குக் கழகம் கூடிக் குறையும். கொழும்பில் இருந்தபடியே கழகத்தின் சொந்த இணையத்தளத்தில் சேரலாம். இருவர் போவதானால் இருவருக்கும் தனித்தனி உறுப்புரிமை. பிறகு இரண்டு கணக்குகளையும் "நண்பர்கள், குடும்பம்" என்ற பகுதியில் இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைக்காது.

எப்படியான உறுப்புரிமை என்பதைக் கூர்ந்து பாருங்கள். சில கழகங்களில் செய்தி, காணொளி, தள்ளுபடி மட்டும் தரும் இலகு வகை ஒன்று மலிவாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு டிக்கட் வாங்க முடியாது. விலையைப் பார்த்து அதை எடுத்துவிடாதீர்கள்.

பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே கொடுங்கள். அப்புறம், உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று வங்கிக்கு ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள். பல டெபிட் அட்டைகளில் அது பூட்டித்தான் இருக்கும். டிக்கட் விற்பனை தொடங்கிய பிறகு அட்டை மறுக்கப்பட்டால், நீங்கள் வங்கியோடு பேசி முடிப்பதற்குள் இருக்கை போய்விடும்.

4. விசா

இங்கேதான் நேரமும் மனமும் போகும். நீங்கள் எடுக்க வேண்டியது சாதாரண வருகையாளர் விசா. ஆறு மாதம்வரை தங்கலாம். கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுணாக உயர்ந்தது, ஏறக்குறைய 51,000 ரூபா. அநேகமாக ஒவ்வொரு வருடமும் ஏற்றுகிறார்கள் என்பதால், கட்டுவதற்கு முன் பிரித்தானிய அரசின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கும் அதே கட்டணம்தான், பாதி இல்லை. விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பி வராது. மேன்முறையீடும் இல்லை, புதிதாக விண்ணப்பிக்கத்தான் வேண்டும்.

பயணத் திகதிக்கு மூன்று மாதத்துக்கு முன்னர்தான் விண்ணப்பம் திறக்கும். இணையத்தில் படிவத்தை நிரப்பி, பணம் கட்டி, விசா விண்ணப்பங்களை ஏற்கும் கொழும்பு வி.எஃப்.எஸ். நிலையத்தில் கைரேகை, படம் கொடுக்க நேரம் எடுக்க வேண்டும். கைரேகை கொடுத்த நாளிலிருந்து வழமையாக மூன்று வாரத்துக்குள் முடிவு வரும். 500 பவுண் கூடுதலாகக் கட்டினால் ஐந்து வேலை நாளில் முடிவு என்று ஒரு வழி உண்டு. இரண்டு லட்சம் ரூபா! மூன்று மாதம் கையில் இருக்கும்போது அதைக் கட்டுவது வீண். வி.எஃப்.எஸ். தளத்தில் நேரம் எடுக்கும்போது குறுஞ்செய்தி, வசதியான காத்திருப்பறை, ஆவணங்களை ஸ்கான் செய்து தருவது என்று ஒவ்வொன்றாக விற்கப் பார்ப்பார்கள். எதுவும் கட்டாயமில்லை. ஆவணங்களை வீட்டில் இருந்தே ஸ்கான் செய்து இலவசமாகப் பதிவேற்றலாம்.

ஆவணங்கள் விஷயத்துக்கு வருவோம். அதிகாரி பார்ப்பது அடிப்படையில் இரண்டு: இந்தச் செலவு இவரால் முடியுமா, முடிந்தபின் ஊருக்குத் திரும்புவாரா. நீங்கள் வைக்கும் ஒவ்வொரு தாளும் இந்த இரண்டில் ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வேலை செய்பவர் என்றால் நிறுவனத்தின் கடிதம் முக்கியம்: எப்போதிலிருந்து வேலை, பதவி, சம்பளம், எந்தத் திகதி முதல் எந்தத் திகதிவரை லீவு அனுமதிக்கப்பட்டது, எந்த நாள் வேலைக்குத் திரும்ப வேண்டும். கூடவே சம்பளச் சிட்டைகளும் ஈ.பி.எஃப். அறிக்கையும். சொந்த வியாபாரம் என்றால் வியாபாரப் பதிவுச் சான்றிதழ், வருமான வரி ஆவணங்கள், கடையின் வங்கிக் கணக்கு.

வங்கிக் கணக்குக் கூற்று ஆறு மாதத்துக்கு எடுங்கள். விண்ணப்பிக்க இரண்டு வாரம் இருக்கும்போது மாமாவிடமும் மச்சானிடமும் கடன் வாங்கிக் கணக்கில் பத்து லட்சம் போட்டுக் காட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதுதான் பெரிய பொறி. மாதச் சம்பளம் ஒன்றரை லட்சம் வரும் கணக்கில் திடீரென்று பத்து லட்சம் விழுந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்க மாட்டார்கள்; மறுத்துவிட்டுக் காரணத்தில் எழுதுவார்கள். சீட்டுக் காசு கிடைத்தது, வாகனம் விற்றது என்று உண்மையான காரணம் இருந்தால் அதற்குரிய பத்திரத்தையும் சேர்த்து வையுங்கள். இருக்கும் பணத்துக்கு ஏற்ற மாதிரிப் பயணத்தைச் சுருக்குவது இன்னும் நல்லது.

இலங்கைத் தமிழருக்கு என்றே ஒரு தலையிடி இருக்கிறது: பெயர். கடவுச்சீட்டில் தகப்பன் பெயரும் சேர்ந்து நீளமாக இருக்கும், வங்கிக் கணக்கில் முதலெழுத்துகளோடு இருக்கும், பிறப்புச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டல் இருக்கும். வங்கியிடம் முழுப் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் போட்டு ஒரு கடிதம் வாங்குங்கள், கேட்டால் தருவார்கள். பெயர் மிகவும் வேறுபட்டால் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி ஒன்று முடித்து வையுங்கள்.

லண்டனில் இருக்கும் உறவினர் ஸ்பொன்சர் செய்தால் அவருடைய அழைப்புக் கடிதம், அங்கே வாழும் உரிமைக்கான ஆதாரம், வங்கிக் கூற்று, சம்பளச் சிட்டை, வீடு அவருடையதா வாடகையா என்பதற்கான பத்திரம் எல்லாம் வேண்டும். உறவையும் நிரூபிக்க வேண்டும். நம்மவருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாததால், சித்தப்பாவின் பெயரும் உங்கள் பெயரும் எந்த இடத்திலும் ஒத்துப்போகாது. உங்கள் பிறப்புச் சான்றிதழ், உங்கள் அப்பாவுடையது, சித்தப்பாவுடையது, இந்த மூன்றையும் சேர்த்து வைத்தால்தான் சங்கிலி முழுமையாகும். பழைய யாழ்ப்பாணப் பிறப்புச் சான்றிதழ் எடுக்கவே நாட்கள் போகலாம்; இதை முதலில் தொடங்குங்கள்.

தமிழிலும் சிங்களத்திலும் உள்ள எல்லா ஆவணத்துக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போங்கள். மொழிபெயர்ப்பில் அது சரியானது என்ற உறுதிமொழி, திகதி, அவரது முழுப் பெயர், கையொப்பம், தொடர்பு விபரம் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். மூலப் பிரதியையும் சேர்த்தே பதிவேற்ற வேண்டும். காணி உறுதி இருந்தால் எல்லாப் பக்கத்தையும் மொழிபெயர்க்கக் கொடுத்துக் காசைக் கரைக்காதீர்கள், அதன் எடை சிறியது. ஜீ.எஸ். (கிராம சேவகர்) கடிதம் கேட்கவே மாட்டார்கள்.

ஒரு பக்கத்துக்குள் ஒரு விளக்கக் கடிதம் எழுதுங்கள். மட்ச் பார்க்கப் போகிறேன், இந்தக் கழகத்தின் உறுப்பினர், இந்த வாரம் இங்கே தங்குகிறேன், இவ்வளவு செலவாகும், இந்த நாள் திரும்பி வேலைக்குப் போவேன். உறுப்புரிமைச் சான்றையும் அந்த வார அட்டவணையையும் இணைக்கலாம். மட்ச் என்று சொன்னால் விளையாட்டாக எடுப்பார்கள் என்று பயந்து வேறு காரணம் எழுத வேண்டாம், சுற்றுலா சுற்றுலாதான். விண்ணப்பிக்கும்போது மட்ச் டிக்கட்டோ விமான டிக்கட்டோ கையில் இருக்க வேண்டியதில்லை. விசா வரும்வரை பணம் திரும்பாத எதையும் வாங்காமல் இருப்பதே நல்லது என்று அவர்களே சொல்கிறார்கள்.

முகவர்கள் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளவத்தையில் ஒருவர் என்னிடம் படிவம் நிரப்ப மட்டும் விசாக் கட்டணத்தைவிட அதிகம் கேட்டார். அதில் "விசா நிச்சயம்" என்று வேறு. நிச்சயம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் படிவம் நிரப்பக் கஷ்டமென்றால் உதவிக்கு ஆள் வைக்கலாம், தப்பில்லை. ஆனால் அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பதிலையும் நீங்களே வாசியுங்கள். பொய் ஒன்று அதில் போனால் பத்து வருடத் தடைவரை வரலாம், அது முகவருக்கு இல்லை, உங்களுக்கு.

5. மட்ச் டிக்கட்

விசா கைக்கு வந்துவிட்டது, தொலைக்காட்சித் தெரிவும் வெளியாகிவிட்டது. இப்போதுதான் டிக்கட்.

சில கழகங்கள் குலுக்கல் முறையில் கொடுக்கின்றன: குறிப்பிட்ட நாட்களுக்குள் பெயர் கொடுக்க வேண்டும், விழுந்தால் அட்டையில் பணம் எடுத்துக்கொள்வார்கள். வேறு சில கழகங்கள் ஒரு நேரத்தைச் சொல்லி விற்பனையைத் திறக்கும். இணைய வரிசையில் நிற்க வேண்டும். நேரத்தை மாற்றிக் கணக்குப் பாருங்கள். லண்டனுக்கும் நமக்கும் கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி வித்தியாசம். மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். காலை 10 மணி விற்பனை என்றால் கொழும்பில் பிற்பகல் 2.30 அல்லது 3.30.

முதல் சுற்றில் கிடைக்காவிட்டால் மனம் விட வேண்டாம். சீசன் டிக்கட், அதாவது சீசன் முழுவதுக்குமான டிக்கட், வைத்திருப்பவர்கள் வர முடியாதபோது தங்கள் இருக்கையைக் கழகத்தின் சொந்த மறுவிற்பனைத் தளத்தில் விடுவார்கள். மட்சுக்கு முந்தின வாரம் அது சூடுபிடிக்கும். உறுப்பினராக நுழைந்து அடிக்கடி பாருங்கள், ஒற்றை இருக்கைகள் நிறைய வரும். ஒன்றாக இருக்கத்தான் வேண்டும் என்று இல்லாத தம்பதிக்கு வாய்ப்பு கூட.

விலை கழகத்தையும் எதிரணியையும் பொறுத்து 30 இலிருந்து 100 பவுண் தாண்டியும் போகும். பணம் பிரச்சினை இல்லை, நிச்சயமாகக் கிடைக்க வேண்டும் என்றால் கழகமே விற்கும் விருந்தோம்பல் டிக்கட் இருக்கிறது. சாப்பாட்டோடு 200 பவுணுக்கு மேல். உறுப்புரிமை தேவையில்லை. கழகத்தின் தளத்தில் அதிகாரபூர்வ முகவர் என்று பெயர் போட்டிருக்கும் பயண நிறுவனங்களும் ஹோட்டலோடு சேர்த்து விற்கின்றன.

மற்ற எந்த இணையத்தளத்திலும், எந்த முகநூல் குழுவிலும், ஸ்டேடியத்துக்கு வெளியே காதருகில் வந்து கேட்பவனிடமும் வாங்காதீர்கள். இங்கிலாந்தில் உதைபந்தாட்ட டிக்கட்டை அனுமதியில்லாமல் மறுவிற்பனை செய்வது 1994ஆம் ஆண்டிலிருந்தே குற்றம். விற்பவர் தப்பிவிடுவார், டிக்கட் ரத்தானால் வாசலில் நிற்பது நீங்கள்தான். கொழும்பில் சுகததாச, றேஸ்கோர்ஸ் மைதானங்களில் பார்த்துப் பழகியவர்களுக்கு வாசலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை இருக்கும். அங்கே அது நடக்காது.

இன்னொன்று. எதிரணி ரசிகருக்கென்று ஒதுக்கிய பகுதி தனி. அதன் டிக்கட் 30 பவுணுக்கு மேல் போகாது, ஆனால் அந்தக் கழகத்தின் பழைய விசுவாசிகளுக்கே அது முடிந்துவிடும். லிவர்பூல் ரசிகரான நீங்கள் வெஸ்ட் ஹாம் பகுதியில் டிக்கட் வாங்கிக்கொண்டு சிவப்பு ஜேர்சியோடு போனால் உள்ளே விட மாட்டார்கள். ஜேர்சி இல்லாமல் போய், லிவர்பூல் கோல் அடித்ததும் துள்ளி எழும்பினாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமென்றால் மட்டும் வாங்குங்கள்.

ஆண்கள் ஆட்டத்துக்கு எதுவும் சரிவராவிட்டால் பெண்கள் லீக்கைப் பாருங்கள். ஆர்சனல் பெண்கள் அணி தன் லீக் ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை ஆண்கள் அணியின் எமிரேட்ஸ் ஸ்டேடியத்திலேயே ஆடுகிறது. அதே 60,000 இருக்கை மைதானம், விலை மிகக் குறைவு, குடும்பத்தோடு போக நல்ல சூழல்.

6. விமானமும் தங்குமிடமும்

சிறிலங்கன் விமானம் கொழும்பிலிருந்து ஹீத்ரோவுக்கு நேரே போகிறது, சுமார் 11 மணி நேரம். மத்திய கிழக்கு வழியாகப் போவது சில நேரம் மலிவு. போகவர இரண்டரை லட்சத்திலிருந்து நாலு லட்சம்வரை எதிர்பாருங்கள். விசா வந்த கையோடு எடுத்துவிடுங்கள், மட்ச் டிக்கட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். முதல் படியில் சொன்னபடி வெள்ளி முதல் செவ்வாய்வரை இடைவெளி விட்டிருந்தால் பயமில்லை. திகதி மாற்றும் கட்டணம் எவ்வளவு என்று வாங்கும்போதே கேளுங்கள்.

உறவினர் வீடு இருந்தால் சொல்லத் தேவையில்லை. ஹோட்டல் என்றால் ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் தேடாமல், ரயில் பாதையில் வசதியான இடமாக எடுங்கள். இரவுக்கு 100 பவுண் என்று வையுங்கள், ரத்துச் செய்யக்கூடிய முன்பதிவாக.

7. மொத்தம் எவ்வளவு

ஒரு ஆள், உறவினர் வீட்டில் ஒரு வாரம் என்று கணக்கிட்டால்: விசா 2025 கட்டணப்படி 51,000, விமானம் 3 லட்சம், உறுப்புரிமை 16,000, மட்ச் டிக்கட் 70 பவுண் என்றால் 28,000, ஊருக்குள் ரயில், பஸ் 24,000, வெளிச் சாப்பாடு 40,000, குளிருடுப்பு 20,000. ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஹோட்டல் சேர்ந்தால் ஏழு லட்சம் தாண்டும். ஆவணச் செலவும், கழகக் கடையில் பிள்ளைகளுக்கு வாங்கும் ஜேர்சியும் இதில் இல்லை.

குளிருடுப்பைக் கொழும்பில் தேடி அலைய வேண்டாம். ஒரு ஜக்கெட்டோடு போய் இறங்கி, உள்ளுடுப்பு, கையுறை, தொப்பியை லண்டனில் மலிவுக் கடையில் வாங்குங்கள். ஏப்ரலிலும் இரவு ஆட்டமென்றால் இரண்டு மணி நேரம் அசையாமல் இருக்கும்போது கால் விறைக்கும். தடித்த காலுறை கட்டாயம்.

8. மட்ச் நாள்

டிக்கட் உங்கள் ஃபோனில்தான் வரும். முதல் நாளே, வீட்டு வைஃபையில் இருக்கும்போது, அதை ஃபோன் வொலட்டில் இறக்கி வையுங்கள். ஸ்டேடியத்துக்கு வெளியே பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் ஃபோனைத் திறப்பதால் டேட்டா இழுக்காது. சார்ஜ் முழுதாக இருக்கட்டும். கடவுச்சீட்டை வீட்டில் வைத்துவிட்டு, பெயருள்ள வேறோர் அடையாள அட்டையைக் கொண்டு போங்கள். பெரிய பை வேண்டாம். ஏ4 தாளைவிடப் பெரிய பையைப் பல மைதானங்களில் விட மாட்டார்கள், சில இடங்களில் அளவு அதைவிடச் சின்னது. கழகத்தின் தளத்தில் அளவைப் பாருங்கள். கண்ணாடிப் போத்தல், நீளக் குடை, பெரிய லென்ஸ் கமெரா எதுவும் கூடாது. பெரும்பாலான மைதானங்களில் காசு வாங்குவதில்லை, அட்டை மட்டும்.

ரயிலில் வங்கி அட்டையையே வாசலில் தட்டிப் போகலாம். ஒரு அட்டையில் ஒரு ஆள்தான். மனைவிக்குத் தனி அட்டை வேண்டும். இலங்கை அட்டைக்கு வெளிநாட்டுக் கட்டணம் விழுமென்றால், லண்டன் ரயில், பஸ்ஸுக்கான ஒயிஸ்டர் அட்டை ஒன்று எடுத்துப் பணம் போட்டு வைப்பது லாபம்.

கேட் வழமையாக ஆட்டத்துக்கு ஒன்றரை அல்லது இரண்டு மணி முன்னர் திறக்கும். அந்த நேரத்துக்கே போய்விடுங்கள். ஆட்டக்காரர் பயிற்சி எடுப்பதை வெறும் மைதானத்தில் கிட்ட நின்று பார்க்க முடிவது அப்போதுதான். டிக்கட்டில் வாசல் எழுத்து, தொகுதி, வரிசை, இருக்கை என நான்கு விபரம் இருக்கும். தப்பான வாசலுக்குப் போனால் மைதானத்தைச் சுற்றிக் கால்மணி நேரம் நடக்க வேண்டும். ஒருமுறை உள்ளே போனால் வெளியே வந்து திரும்பப் போக முடியாது. பீர் உள்ளே விற்பார்கள், ஆனால் மைதானம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் குடிப்பது சட்டப்படி குற்றம். நடைக்கூடத்திலேயே முடித்துவிட்டு வர வேண்டும். சிகரெட்டும் வேப்பும் உள்ளே எங்கும் இல்லை. மைதானத்துக்குள் இறங்குவது குற்றம், செல்பிக்காகக்கூட. விசாவில் வந்திருப்பவருக்கு அந்த வழக்கு தேவையில்லாத வேலை.

ஆட்டம் முடிந்ததும்தான் உண்மையான நெரிசல். எமிரேட்ஸ் என்றால் ஆர்சனல் ஸ்டேஷன் வாசலில் வரிசை வீதிவரை நிற்கும். ஹொலவே ரோட் ஸ்டேஷனை மட்ச் நாளில் நம்பிப் போகாதீர்கள். கூட்டத்தோடு ஃபின்ஸ்பரி பார்க் அல்லது ஹைபரி அன்ட் இஸ்லிங்டன்வரை நடப்பது சுலபம். வெஸ்ட் ஹாம் ஆட்டத்துக்குப் பிறகு பொலிஸார் ஸ்ட்ராட்ஃபோர்ட் ஸ்டேஷனுக்குப் போகும் கூட்டத்தை நிறுத்தி நிறுத்தித்தான் விடுவார்கள். அரை மணி நேரம் உள்ளேயே இருந்துவிட்டுக் கிளம்பினால் பாதித் தொல்லை குறையும். மன்செஸ்டரில் மாலை 5.30 ஆட்டம் பார்த்துவிட்டு அன்றிரவே லண்டன் திரும்ப நினைப்பவர்கள் கடைசி ரயில் நேரத்தை டிக்கட் வாங்குமுன் பாருங்கள். ஞாயிறு இரவில் பாதை வேலை என்று ரயிலுக்குப் பதில் பஸ் போடுவதும் உண்டு, அப்படியென்றால் அங்கேயே ஒரு அறை எடுத்துவிடுங்கள்.